டிரங்குப் பெட்டியும் முதல் பந்தியும்

கேள்வி: ஈவிரக்கமற்ற, சமூக விரோத ஆளுமை கொண்டவர்கள் எவ்வளவு ஆபத்தானவர்கள்? (ராயபுரம் வாசகர்)

பதில்: ராயபுரத்திலிருந்து இக்கேள்வி வந்தால், 1952 ஆகஸ்டில் நடந்த ஆளவந்தார் என்பவரின் கொலையே முதலில் நினைவுக்கு வரும்; அவரது உடல் டிரங்குப் பெட்டிக்குள் போட் மெயில் ரயில் ஏறி மானாமதுரை வரை செல்ல, தலை மட்டும் டிக்கெட் எடுக்காமல் ராயபுரம் கடற்கரையிலேயே தங்கிவிட்டது. ஆயினும் கொடூரம் வேறு, கோளாறு வேறு. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று உளமருத்துவம் குறிப்பது, 15 வயதுக்கு முன்பே அறிகுறி காட்டி, பொய், ஏய்ப்பு, பிறர் உரிமையை மிதித்தல், செய்ததற்கு வருந்தாமை என ஆண்டுக்கணக்கில் நீளும் சுபாவத்தையே அன்றி, ஒரு நாள் ஆவேசத்தை அன்று. ஆளவந்தார் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட பிரபாகர மேனனுக்கு ஏழாண்டு, அவர் மனைவி தேவகிக்கு மூன்றாண்டு என்று நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யர் தண்டனையைச் சுருக்கியதில், கொலையுண்டவரின் நடத்தைக்கும் பங்குண்டு என்பது கவனத்திற்குரியது. சமூக விரோத ஆளுமைக் கோளாறு உடையோரிடம் வன்முறை நாட்டம் சராசரியினும் மிகுதி என்றாலும், அவர்களுள் பெரும்பாலோர் கொலையின் பக்கம் போவதேயில்லை. அவர்கள், திருவொற்றியூரில் தெரு முழுவதும் கட்டிய ஏலச்சீட்டுப் பணத்தை விழுங்கிவிட்டு, ஏமாந்தவர் வீட்டுத் திருமணத்திற்கே மொய்க்கவர் இல்லாமல் வந்து, முதல் பந்தியில் அமர்ந்து, பாயசம் இரண்டாம் முறை கேட்கக்கூடியவர்கள்.