பீடிங் சார்

காரின் விலையைக் கேளுங்கள், பதில் வராது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்று கேளுங்கள், பரிதாபமாக ஒரு பார்வை வரும். “சைடுல ஓடுற இந்த பீடிங் ஒரிஜினலா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டால், அன்றைக்கு உங்களுக்கு மதியச் சாப்பாடு அவர் வீட்டில்தான். அதுவும் நாலு மணிக்கு.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். எங்கள் தெருவில் இருப்பவருக்கு பீடிங் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கேஸ் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இனத்தை நான் கவனித்த வரையில் பாதிப் பேர் வங்கி, மீதிப் பேர் மின்வாரியம், ஊடே ஒன்றிரண்டு பல் டாக்டர்கள். பல் டாக்டர்கள்தான் ரொம்ப ஆபத்து. பாலிஷ் போடும் மெஷின் கைவசமே இருக்கிறது.

எஞ்சின் இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது மெக்கானிக் பாடு. வண்டிக்கு வெளியே மின்னுகிற சமாச்சாரம் இருக்கிறதே, கிரில், பம்பர், ஹெட்லைட் ரிம், வீல் கப், கதவோரம் ஓடும் பட்டை, டிக்கியில் இருக்கும் பெயர், அதுதான் இவர்கள் பாடு. எஞ்சின் இல்லாவிட்டால் வண்டி நிற்கும், நின்றுவிட்டுப் போகட்டும். பட்டை இல்லாமல் நின்றால் மானம் போய்விடும்.

சாருடைய வண்டி 1973ஆம் வருஷத்து பியட். வாய் தவறி அதை பத்மினி என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் சரித்திர வகுப்பு ஆரம்பமாகிவிடும். இத்தாலியில் பியட் 1100 என்று பிறந்த வண்டியை மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்துகொண்டிருந்தது. 1964ல் வந்ததற்கு ‘டிலைட்’ என்று பெயர். பியட்டோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும், 1970களின் தொடக்கத்தில், அதே வண்டி ‘பிரசிடெண்ட்’ ஆனது. 1974ல் ராஜஸ்தானத்துச் சித்தோர் ராணியின் பெயரை வைத்து ‘பத்மினி’ ஆக்கிவிட்டார்கள். தகரம் அதே தகரம், 1089 சி.சி. எஞ்சினும் அதே, ஸ்டியரிங் அடியில் இருக்கும் கை கியரும் அதே. மாறியது பெயர்தான். பத்மினி ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆண்டாள். பிரசிடெண்டோ, நம் நாட்டு வழக்கப்படியான ஐந்து வருஷப் பதவிக்காலத்தைக்கூட முடிக்கவில்லை.

சிக்கல் அங்கேதான். கால் நூற்றாண்டு ஆண்டவளின் மோனோகிராம் கடைக்குக் கடை தொங்குகிறது. பிரசிடெண்டுடையது எங்கேயும் இல்லை. வண்டியை முன்னால் வைத்திருந்த புண்ணியவான், கிடைத்ததை மாட்டுவோம் என்று டிக்கியில் ‘பத்மினி’யை மாட்டிவிட்டார். சார் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, பூஜை போடுவதற்கு முன்பே ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பி எடுத்துவிட்டுத்தான் எலுமிச்சம்பழத்தையே வைத்தார்.

“பத்மினின்னு இருந்தா என்னங்க கெட்டுப்போச்சு? எவ்வளவு நல்லா ஆடுவாங்க!” என்றார் வீட்டம்மா.

“அந்தப் பத்மினி இல்லம்மா. இது ராணி.”

“ராணி வேஷமும் போட்டிருக்காங்களே.”

அன்றிலிருந்து தேடல். சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை, மும்பை சோர் பஜார், கொல்கத்தா மல்லிக் பஜார், டெல்லி காஷ்மீரி கேட் என்று இந்தியாவின் புண்ணிய க்ஷேத்திரங்கள் எல்லாம் சாருக்கு அத்துப்படி. டெல்லியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். பெண்ணைப் பார்க்க அடிக்கடி போகிறார். மாப்பிள்ளையின் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது; காஷ்மீரி கேட்டில் பழைய ஹெட்லைட் ரிம் எந்தச் சந்தில், எந்த மாடியில், எந்தச் சாக்கு மூட்டையில் இருக்கிறது என்று கேளுங்கள், படம் வரைந்து தருவார்.

புதுப்பேட்டைக்கு ஒருமுறை நானும் கூடப் போனேன். கடைக்கார பாய் மேல் பரணில் கைவிட்டுத் துழாவி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்றை எடுத்துப் போட்டார். சார் கைக்குட்டையால் துடைத்தார். சாட்சாத் பிரசிடெண்டேதான். ஆனால் நடுவில் முறிந்து முதல் பாதிதான் இருந்தது.

“பாய், இதுல பிரசி இருக்கு, டெண்ட் இல்லையே?”

“டெண்டா? அதுதான் உங்க வண்டியிலேயே நிறைய இருக்கே சார்.”

சார் சிரிக்கவில்லை. அந்தப் பாதியையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். மீதிப் பாதி என்றைக்காவது வரும் என்று பூஜை அறைக்குப் பக்கத்துப் பிறையில் வைத்திருக்கிறார். எழுத்தை அளந்து மெஷினில் வெட்டி அச்சு அசலாகச் செய்து தருவதாகத் தெருமுனை நேம் போர்டு கடைப் பையன் சொன்னான். “புதுசா செஞ்சா அது புதுசுதானேப்பா?” என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது டிக்கியில் பெயரே கிடையாது.

2023 அக்டோபர் கடைசியில் மும்பையின் பத்மினி டாக்ஸிகளுக்கு முடிவு வந்தது. கடைசி பத்மினி டாக்ஸி பதிவானது 2003ல். இருபது வருஷம்தான் அங்கே டாக்ஸிக்கு ஆயுள். பேப்பர்களெல்லாம் கண்ணீர் விட்டு எழுதின. சாரும் அன்று முழுக்கச் சோகமாகத்தான் இருந்தார். “எத்தனை பம்பரை உருக்கப் போறாங்களோ!” என்று புலம்பிவிட்டு, மும்பையில் இருக்கும் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டார். சித்தப்பா மகன் எடுக்கவில்லை. இரண்டு பம்பரும் நாலு வீல் கப்பும் அந்த வீட்டு பால்கனியில் ஏற்கெனவே கிடக்கின்றன.

சார் சாவிக்கொத்தில் சாவியைவிடப் பெரிதாக ஒரு காந்தம் தொங்கும். எந்தப் பட்டையைக் கண்டாலும் முதலில் காந்தத்தை வைப்பார். ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். ஒட்டினால் இரும்பின் மேல் குரோம். அப்படியும் முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டுகிற ரகமும் உண்டு. அதனால் அடுத்தபடியாகப் பட்டையைத் திருப்பி உள்பக்கம் துரு பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டுவார். கல்யாண வீட்டு மண்டபத்து வாசலில் யாரோ ஒருவரின் பழைய அம்பாசடரை இப்படிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பிடித்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. அதைச் சொன்னால் சாருக்கு வருத்தம் வரும்.

இந்த ஆராய்ச்சி வெட்டி வேலை என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு உலோகத்துக்கும் வைத்தியம் வேறு. ஸ்டெயின்லெஸ் என்றால் நெளிசலைத் தட்டி எடுத்து பஃபிங் போட்டாலே போதும், பிறந்த நாள் பளபளப்பு வந்துவிடும். அலுமினியத்துக்கு மேலே ஒரு கடினமான பூச்சு இருக்கும். அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுக்காமல் எவ்வளவு தேய்த்தாலும் கை வலிதான் மிச்சம். இரும்பு என்றால் பழைய முலாமைக் கழற்றி, தேய்த்து, செம்பு ஏற்றி, அதன் மேல் நிக்கல் ஏற்றி, கடைசியில் குரோம். அந்தக் குரோமின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. பேர் குரோமுக்கு, பாடு நிக்கலுக்கு. துத்தநாக வார்ப்புதான் இருப்பதிலேயே மோசம். உள்ளேயிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கும். கொப்புளத்தைத் தேய்த்து எடுப்பதற்குள் எழுத்தின் முனையெல்லாம் மழுங்கிவிடும்.

முலாம் போடும் அண்ணாச்சிக்கு சாரைத் தூரத்தில் கண்டாலே தொட்டி சூடேறிவிடும். பட்டறையில் பட்டையை வெயிலுக்குக் கொண்டுபோய் இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்ப்பார் சார்.

“மஞ்சள் பாயுதே அண்ணாச்சி. நிக்கலோட நிறுத்திட்டீங்க. குரோம் ஏறியிருந்தா லேசா நீலம் காட்டணும்.”

“காட்டும் சார். வீட்டுக்குப் போய்ப் பாருங்க, காட்டும்.”

“இங்கேயே காட்டட்டும்.”

அண்ணாச்சி பட்டையைத் திரும்ப வாங்கித் தொட்டியில் விடுவார். சார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பீடிங் மாட்டும் வைபவத்துக்கு என்னையும் அழைத்தார். பட்டையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்பே ஒரு மர்மம். எப்போதோ பெயின்ட் அடித்தபோது, பட்டை இருந்த ஓட்டைகளையெல்லாம் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, சுவடே இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். டிங்கர் தம்பி புதிதாக ஓட்டை போட டிரில் மெஷினைத் தூக்கினான். சார் பாய்ந்து வந்து மெஷின் மேலேயே கையை வைத்தார். கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே, தகரத்தின் முதுகில், பழைய ஓட்டைகள் வழியே பிதுங்கி நின்ற பட்டி வரிசையாகத் தெரிந்தது.

இடையில் எதிர்வீட்டு ஐ.டி. தம்பி எட்டிப் பார்த்து, “எதுக்கு அங்கிள் இவ்வளவு கஷ்டம்? டபுள் சைடு டேப் ஒட்டினா அஞ்சு நிமிஷ வேலை” என்றான். சார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் அப்பாவைத்தான் பார்த்தார்.

பட்டியைக் குத்தி எடுத்தாயிற்று. கதவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, முன் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை நூல் பிடித்தான் டிங்கர் தம்பி. பிடித்தவன் அப்படியே நின்றான். கம்பெனி போட்ட ஓட்டைகள் நூலோடு சேரவில்லை. பின்கதவுக்கு வந்ததும் ஒரு நூலளவுக்கு மேலேறிப் போயின. அந்தப் பக்கம் போய் அளந்தால் அங்கே கீழே இறங்கின.

“சார், கம்பெனிக்காரன் தப்பு பண்ணியிருக்கான். நான் நேரா போட்டுத் தர்றேன். ரெண்டு ஓட்டை புதுசா போட்டா போதும்.”

“அவன் போட்ட ஓட்டையிலதான் மாட்டணும்.”

“கோணலா இருக்கும் சார்.”

“இருக்கட்டும். அது ஒரிஜினல் கோணல்.”

தம்பி என்னைப் பார்த்தான். நான் என் முனையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். ஓட்டை ஓரங்களில் துரு வராமல் பெயின்ட் தொட்டு வைத்து, காய்ந்தபின் கிளிப்பை இறக்கி, தண்ணீர் போகாமல் சுற்றிலும் சீலன்ட் தடவி, பட்டையை ஒரு முனையிலிருந்து உள்ளங்கையால் தட்டித் தட்டி உட்கார வைத்தார்கள். கிளிப் ஒவ்வொன்றும் ‘டக்’ என்று பிடித்தபோது சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணின் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில்கூட அப்படி ஒரு நிறைவு கிடையாது. நான் அதற்கும் போயிருந்தேன்.

முன் கண்ணாடிக்குப் புது ரப்பர் போட்டதும் அன்றுதான். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த இன்னொருவர் உள்ளேயிருந்து கயிற்றை உருவ வேண்டும். பாவாடைக்கு நாடா கோப்பதைத் தலைகீழாகச் செய்தால் அதுதான். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்துக்கு உள்பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே உருவிக்கொண்டிருந்தது நான். மே மாதம், ஜன்னல் மூடிய கார்.

மாலையில் வண்டியைத் தெருவில் நிறுத்தினார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். “அருமையா இருக்கு சார். பட்டைதான் கொஞ்சம் கோணலோ?” சார் ஒவ்வொருவருக்கும் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையின் அர்த்தம் எனக்குத் தெரியும். நீ அறியாப் பிள்ளை என்பது அது.

“இதையெல்லாம் போட்டு என்ன பண்ணப் போறீங்க?” என்று வீட்டம்மா கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. ஐம்பது வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ள 2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று தனி எழுத்தே தருவார்கள். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது.

“அப்போ காய்கறி வாங்கப் போக முடியாதா?”

“இப்ப மட்டும் போறோமா?”

சங்கதி இதோடு முடிந்திருக்கும். அடுத்த வாரம் இந்த இனத்தின் பெரியவர் ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். எண்பதைத் தாண்டியவர். இதே வண்டியை ஷோரூமில் புதிதாக வாங்கி ஓட்டியவர் என்பதால் அவர் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு சுற்றுச் சுற்றினார். பின்கதவு அருகே குனிந்தார். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கோணல் கரெக்டா இருக்கு” என்றார் பெரியவர்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே திரும்பி ரெண்டு காபி என்று குரல் கொடுத்தார். காபி வருவதற்குள் பெரியவர் பட்டையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆனா பாலிஷ் ஜாஸ்தி. அந்தக் காலத்துல ஷோரூம்ல நின்ன வண்டியே இவ்வளவு மின்னாது. நான் வாங்கினப்போ இதுல முகம் பார்த்தா ஆள் இருக்கான்னுதான் தெரியும், யாருன்னு தெரியாது.”

மறுநாள் காலை பட்டறை திறப்பதற்கு முன்பே சார் வாசலில் நின்றார். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, மறுபடி இறக்கலாமா என்று யோசித்தது எனக்கே தெரிந்தது.

“அண்ணாச்சி, பளபளப்பைக் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?”

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அதுக்கு எதுக்கு சார் எனக்குக் காசு? வண்டியைப் பெசன்ட் நகர் பீச்சுல நிறுத்திட்டு வாங்க. உப்புக்காத்துல ஓசியிலேயே மங்கிடும்.”

சார் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் டைரியைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“எத்தனை நாள் நிறுத்தணும்?”