மடையைத் திறக்காதே!

கேள்வி: என் மகன் வக்கீலாகி இரண்டு வருஷம் ஆகிறது. நிலத் தகராறு வழக்கில் குறுக்கு விசாரணை என்றாலே எழுந்து நிற்கத் தயங்குகிறான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பூதலூர்

பதில்: முதலில் செருப்பு தேயட்டும் அம்மா, நாக்கைப் பிறகு தீட்டிக்கொள்ளலாம். வழக்கு நிலத்தின் வரப்பில் நின்று சிட்டா, அடங்கல், புல வரைபடம் மூன்றையும் விரித்துப் பார்த்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

"மே மாதமே ஆற்றுத் தண்ணீரில் நடவு முடித்தேன்" என்கிறார் ஒரு சாட்சி என்று வையுங்கள். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. கல்லணைக்குத் தண்ணீர் வர மேலும் சில நாள் ஆகும். அந்த வருஷம் அணை என்றைக்குத் திறந்தது, வயலில் போர்வெல் உண்டா என்று முன்பே விசாரித்திருக்க வேண்டும். கூண்டில், "ஆற்றுத் தண்ணீர்தானே? மே மாதம்தானே?" என்று இரண்டையும் உறுதிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். "அதெப்படி முடியும்?" என்று கேட்டால், சாட்சி தப்பிக்க நாமே மடையைத் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். மிச்சம் வாதத்துக்கு.

ஆனால் முந்தைய எழுத்து வாக்குமூலத்தை வைத்துச் சாட்சியை மறுக்க வேண்டுமானால், முரண்படும் பகுதியை அவர் கவனத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 145ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 148.

தஞ்சாவூர் கோர்ட்டில் நல்ல சீனியர்கள் குறுக்கு விசாரணை செய்யும் நாளில், தன் வழக்கு இல்லாவிட்டாலும் போய் உட்காரச் சொல்லுங்கள்.