காதுக்குக் கண்ணாடி

சத்தம் காதுக்கான சமாச்சாரம் என்று இன்னும் நம்புகிறவர்கள், இசையை அலசும் மென்பொருள் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். ஆமாம், பார்க்கத்தான் முடியும். ஊதா, மஞ்சள், சிவப்பு என்று ஒலியைப் படமாக்கும் ஸ்பெக்ட்ரோகிராம் ஜொலிக்கும். பார்வையற்ற இசைக்கலைஞர் திறந்தால், என்விடிஏ திரைவாசிப்பான் அத்தனை ஜொலிப்பையும் ‘படம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும்; அதுவும் மனமிருந்தால். இழையளவு சுருதி பிசகினாலும் கண்டுபிடிக்கிற காதுக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை!

மாற்று இல்லாமல் இல்லை. 1991-இல் பிறந்த ‘சாக்ஸ்’ என்ற மென்பொருள் இருக்கிறது. கட்டளை வரியில் ‘ஸ்டாட்ஸ்’ என்று கேட்டால் உச்ச அளவு, ஆர்எம்எஸ் அளவு எல்லாம் டெசிபலில், எழுத்தில் வந்து விழும். ‘ஆபியோ’ என்ற இன்னொரு மென்பொருள் இன்னும் சமர்த்து: சுரங்கள் எந்தெந்த நொடியில் தொடங்குகின்றன என்று வரிவரியாக அடுக்கும். திரைவாசிப்பான் கடகடவென்று ஒப்பிக்கும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் நியாயவான்கள். கண்ணுக்கு ‘சோனிக் விஷுவலைசர்’, எழுத்துக்கு ‘சோனிக் அனோடேட்டர்’ என்று பந்தியில் இரண்டு இலை போட்டார்கள்.

ஆனால் தப்பித்தவறி சாக்ஸிடம் ஸ்பெக்ட்ரோகிராம் கேட்டுவிடாதீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் பிஎன்ஜி படம் ஒன்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.