காரணமின்றி மதுரை போதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

திண்டுக்கல், விருதுநகர், திருச்சி, திருநெல்வேலி முதலிய ஊர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு பழக்கத்தை அறிவுலகம் கண்டும் காணாமல் இருந்துவருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், அதுவரை ஒழுங்காகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எழுந்து, "மதுரை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்" என்கிறார். துணைக்கு ஆள் இல்லை, கையில் பை இல்லை, டிக்கெட்டும் எடுத்துவைக்கவில்லை. அங்கே அவருக்குக் கல்யாணமோ காதுகுத்தோ துட்டியோ எதுவும் கிடையாது. இரவு பத்து மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறார். இந்நிகழ்வை இக்கட்டுரை 'காரணமின்றி மதுரை போதல்' (இனி, கா.ம.போ.) என்று குறிக்கும். செருப்பை மாட்டும் நேரத்தில் வீட்டிலிருந்து "அங்க என்ன விசேஷம்?" என்றொரு கேள்வி எழுவது எல்லா ஊரிலும் பொது. அந்தக் கேள்வியே தவறு என்று நிறுவுவது நம் நோக்கம். மதுரைக்குப் போகக் காரணம் தேவையில்லை என்பதோடு நிற்காமல், காரணத்தோடு போகிறவர் மதுரைக்குப் போனதாகவே கணக்கில் வராது என்பது வரை நாம் செல்லவிருக்கிறோம்.

முதலில் காரணத்தோடு போகிறவர்களின் நிலையைப் பார்ப்போம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டதிலிருந்து, தென்மாவட்டத்து வழக்காளிகளுக்கு மதுரை போக அசைக்க முடியாத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டடம் இருப்பது ஊருக்கு வெளியே, ஒத்தக்கடைப் பக்கம். வாய்தாவுக்கு வந்தவர் கண்டதெல்லாம் யானைமலையும் வக்கீல் குமாஸ்தாவும்தான். அடுத்து, 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தேடி வருவோர். இவர்களின் காரணம் இன்னும் உயர்ந்தது. ஆயினும் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்தபின் அவர்கள் பார்க்கும் மதுரை, சான்றாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று. கல்யாணத்துக்கு வருவோரோ பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு என்று போய்வருகிறார்கள். மொய் எழுதும் மேசை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூவகையினரும் மதுரைக்குப் போயிருக்கிறார்கள், ஆனால் மூவரிடமும் மதுரையைப் பற்றிக் கேட்டால் தெரியாது. குதிரைக்குக் கட்டும் கண்பட்டை போலக் காரணமானது போகிற வழியை மட்டும் காட்டி, வழியில் உள்ளதை மறைத்துவிடுகிறது.

இதற்கு இலக்கியச் சான்று உண்டா எனின், உண்டு, அதுவும் ஐம்பெருங்காப்பியங்களின் தலைமைக் காப்பியத்திலேயே உண்டு. சிலப்பதிகாரத்தில் 'ஊர்காண் காதை' என்றே ஒரு காதை இருக்கிறது. புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தன்னந்தனியாக மதுரைக்குள் போகிறான். கிளம்பும்போது அவனும் ஒரு காரணம் சொல்லத்தான் செய்கிறான்: இந்நகரத்து வணிகர்களிடம் தன் நிலையைத் தெரிவித்து வர வேண்டுமாம். வாசலில் வாளோடு நிற்கும் யவனக் காவலர்கள் அவனைச் சந்தேகிக்கவில்லை. உள்ளே போனவன் மணிக்கடைத் தெருவைப் பார்க்கிறான், பொன் கடையைப் பார்க்கிறான், துணிக்கடை, கூலக்கடை என்று ஒன்று விடாமல் பார்க்கிறான். எந்தெந்த மணிக்கு என்னென்ன குற்றம் என்பதை இளங்கோவடிகள் விரிவாக அடுக்குகிறார். வணிகர் ஒருவரோடு உட்கார்ந்து கோவலன் தன் நிலையைப் பேசும் காட்சி மட்டும் அந்தக் காதையில் இல்லை. பொழுது சாய்வதற்குள் பத்திரமாகத் திரும்பிவிடுகிறான். தமிழில் கா.ம.போ.வுக்கு இதைவிடத் தெளிவான முன்னுதாரணம் கிடைப்பது அரிது. அதே கோவலன் மறுபடி ஊருக்குள் போனபோது, சிலம்பு விற்க வேண்டும் என்ற திட்டவட்டமான காரணத்தோடு போனான். பின்னர் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊழ்வினை, பொற்கொல்லன் சூழ்ச்சி என்று உரையாசிரியர்கள் பலவாறாக விளக்குவர். இரண்டு பயணங்களுக்கும் உள்ள வெளிப்படையான வேறுபாட்டை அவர்கள் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

மதுரையும் தன் பங்குக்குக் காரணங்களைப் பெரிதாக மதிப்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர்களோடு வீதிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த மாதத் திருவிழாவோ அந்த மாத வீதி என்பது காரணப் பெயர். ஆனால் மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார் என்பார்கள். அன்றுமுதல் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது. ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. மீதிப் பதினைந்து எங்கே என்று கேட்டுக் கோயில் வாசலில் யாரும் நின்றதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கள்ளழகர் இருக்கிறார். சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அழகர்கோயிலிலிருந்து அவர் புறப்படுவது தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு என்பது மக்கள் வழக்கு. அவர் வைகையில் இறங்குவதற்குள் திருக்கல்யாணம் முடிந்து, தேரும் ஓடி முடிந்துவிடுகிறது. காரணம் காலாவதியான பிறகும் பயணம் நிற்கவில்லை, ஆண்டுதோறும் நடக்கிறது. ஆற்றங்கரையில் திரளும் லட்சக்கணக்கானோரில் ஒருவர்கூட "கல்யாணம்தான் முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பதில்லை. அழகர் தனியாக வருவதில்லை, ஒரே நாளில் திரும்புவதும் இல்லை. ஆதலால் இதை முழுச் சான்றாகக் கொள்ளாமல் துணைச் சான்றாக மட்டும் கொள்கிறோம்.

இனி, காலக் கணக்கு. மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். சென்னை எழும்பூரில் காலை 6 மணிக்குக் கிளம்பும் தேஜஸ் ரயில் நண்பகலைத் தாண்டி மதுரை சேர்ந்து, பிற்பகல் 3 மணிக்குத் திரும்பவும் புறப்பட்டுவிடுகிறது. ஆக, இந்த ரயிலில் ஒரே நாளில் போய்வர நினைக்கும் சென்னைவாசிக்கு, கோயில் மூடியிருக்கும் நேரம்தான் பொறுக்கியெடுத்துக் கொடுத்தாற்போல் கிடைக்கிறது. தரிசனம் என்ற காரணத்தோடு வந்தவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான். காரணமில்லாமல் வந்தவருக்கு நட்டம் ஏதுமில்லை. அவர் கீழவாசல் பக்கம் விளக்குத்தூண் வரை நடந்து ஒரு ஜிகர்தண்டா வாங்குகிறார். கண்ணாடி டம்ளரின் அடியில் ஊறிய பாதாம் பிசின் கண்ணாடித் துண்டுகளாய்க் கிடக்கிறது, அதன்மேல் நன்னாரி சர்பத், அதன்மேல் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், உச்சியில் ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கலக்கிக் குடிப்பதா, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவதா என்பது தீராத வழக்கு. அதைத் தீர்க்கக் குறைந்தது கால் மணி நேரம் வேண்டும். அந்தக் கால் மணி நேரம் வாய்தாக்காரரிடம் இல்லை, மொய்க்காரரிடமும் இல்லை. சித்திரை வெயிலில் இது நடக்குமா என்று கேட்பவருக்கு, ஜிகர்தண்டா எந்த வெயிலை முன்னிட்டுத் தோன்றியது என்பதை யோசிக்குமாறு பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

தனியாகப் போவானேன், நாலு பேராய்ப் போனால் என்ன என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இருவர் சேர்ந்தால் ஒரு கருத்து வேறுபாடு உண்டாக இடம் உண்டு, மூவர் சேர்ந்தால் மூன்று, நால்வர் சேர்ந்தால் ஆறு, எழுவர் கொண்ட ஒரு நடுத்தரக் குடும்பத்தில் இருபத்தொன்று. பள்ளிக் கணக்கு தெரிந்த எவரும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கறி தோசை வேண்டும் என்பவர் ஒருவர், இன்றைக்குக் கவிச்சி கூடாது என்பவர் ஒருவர், சுங்குடிச் சேலைக் கடையை விட்டு நகராதவர் ஒருவர், நாயக்கர் மகாலை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று ஐந்து நிமிடத்துக்கொரு தரம் கேட்பவர் ஒருவர், கால் வலிக்கிறது என்று தெப்பக்குளத்தின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டவர் ஒருவர். இருபத்தொரு சமரசங்களைப் பேசி முடிப்பதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். தனி ஒருவருக்கு அந்த எண்ணிக்கை பூஜ்யம். தெற்கு மாசி வீதியில் திரும்பலாமா வேண்டாமா என்பதில் அவருக்கும் அவருக்கும் இடையே அபிப்பிராய பேதம் வருவதில்லை. வந்தாலும் அது மூன்று நாளைக்குப் பேசாமல் இருக்கும் அளவுக்குப் போவதில்லை.

மதுரை போன்ற பெருநகரத்துக்கு ஒரு நாள் எப்படிப் போதும் என்பது அடுத்த தடை. போதும் என்பதற்கு மாங்குடி மருதனாரைச் சாட்சிக்கு அழைக்கிறோம். மதுரைக்காஞ்சியில் அவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்ல வந்தது நிலையாமை. நாட்டையும் போரையும் பாடிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தவர், பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி, பிறகு யாமம் யாமமாக இரவு, கடைசியில் விடியல் என்று ஒரு நாளைச் சுற்றி முடிக்கிறார். நூல் மொத்தம் 782 அடி, பத்துப்பாட்டில் இதுவே நீளமானது. நிலையாமை என்ற காரணத்தோடு வந்த புலவரே கடைத்தெருவில் நின்றுவிட்டார் என்றால், சாமானியரைக் குறை சொல்வதற்கில்லை. மேலும், 'போதுமா' என்று கேட்பவர் எதற்குப் போதுமா என்று சொல்ல வேண்டும். பார்த்து முடிப்பதற்கு என்றால் ஒரு மாதமும் போதாது. நாயக்கர் மகால், காந்தி நினைவு அருங்காட்சியகம், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதே ஆண்டு திறந்த கீழடி அருங்காட்சியகம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கா.ம.போ. செய்பவரிடம் பட்டியல் கிடையாது. பட்டியல் இல்லாதவருக்கு விட்டுப்போனது என்று எதுவும் இல்லை. சாயங்காலம் தள்ளுவண்டியில் சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பால் ஒரு டம்ளர் குடித்தாலே அவருடைய நாள் குறைவின்றி முடிந்துவிடுகிறது.

ஆணுக்குச் சரி, பெண் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்ப முடியுமா என்பது நியாயமான தடை. செருப்பு மாட்டும் நேரத்தில் ஆணுக்கு ஒரு கேள்வி என்றால் பெண்ணுக்குக் குறைந்தது ஏழு வரும் என்பதை மறுப்பதற்கில்லை. அவற்றுள் நான்கு, மதியச் சமையலைப் பற்றியவை. இது பழக்கத்தின் குறையன்று, வீட்டின் குறை. அரசுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் தெளிவு இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியார் நிலையத்தில் பஸ் ஏறும் பெண்ணிடம் கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்பாரே தவிர, எதற்கு என்று கேட்பதில்லை. கண்டக்டர் கேட்காததை வீடு கேட்கிறது.

செலவுக்கு என்ன பதில் என்பது கடைசித் தடை. இங்கேதான் மதுரையின் தனிச்சிறப்பு வெளிப்படுகிறது: காரணமில்லாமல் வந்தவருக்குத் திரும்பும்போது ஒரு காரணத்தை முழம் போட்டுக் கொடுக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைத்தான் சொல்கிறோம். பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை இழுத்து அளக்கிறார். வாங்குபவரின் முழம் எவ்வளவு நீளம் என்பது இங்கே சட்டப்படி செல்லாது. வாழையிலையில் பொதிந்து, நாரால் கட்டி, தண்ணீர் தெளித்துத் தருகிறார். மார்கழி, தை மாதங்களில் பனியால் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது, இந்தக் காரணம் போக வர பஸ் கட்டணத்தைவிட அதிகமாகிவிடுவதும் உண்டு. ஆயினும் இரவு கதவைத் திறந்ததும் பொட்டலத்தை நீட்டினால், "எதுக்குப் போனே?" என்ற கேள்வி பாதியிலேயே நின்று, "மொழம் எவ்வளவு?" என்று மாறிவிடுவதைக் காணலாம். விலை கேட்கப்பட்டுவிட்டால் பயணம் ஏற்கப்பட்டதாகப் பொருள். காரணம் என்பது பயணத்துக்கு முன்னால் இருக்க வேண்டியதில்லை, பின்தேதியிட்டும் பெறலாம் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வாய்வு பொருந்தாத மக்கள் ஒரு சாரார் உண்டு, அவர்கள் மதுரைக்காரர்கள். சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போக வெளியூர் விருந்தாளி வந்தாக வேண்டும். தூணில் செதுக்கிய சிற்பங்களை அவர் அண்ணாந்து பார்ப்பது, உடன் வந்த மாமனாருக்குக் காட்டும்போது மட்டும்தான். மதுரையைப் பார்க்கக் காரணம் தேவைப்படுகிற ஒரே இனம் அவர்கள்தான் என்பது வருத்தத்துக்குரிய முடிவு. எனினும் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் திண்டுக்கல் போய் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அங்கிருந்து காரணம் ஏதுமின்றி மதுரைக்கு வண்டி ஏறலாம். திண்டுக்கல்லுக்கு எதற்குப் போனாய் என்று வீட்டில் யாராவது கேட்டால், பிரியாணிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.