ஒன்றுக்கு மணம்: ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

வெந்தயக் களி உண்ட மறுநாள் காலையில் கழிப்பறையிலிருந்து காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசனை வருவதை யாம் மூன்று முறை கண்டோம். நான்காம் முறை குறிப்பேட்டுடன் உள்ளே போனோம். அதன்பின் வீட்டில் எம்மைப் பற்றி எழுந்த ஐயங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வாரா.

காரணம் சோட்டோலோன். வெந்தயத்தின் வாசனைக்குப் பொறுப்பான இந்த வேதிப்பொருள் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறி மேப்பிள் பாகு போல் மணக்கும். அதே மணம் உள்ள பிறவி நோய் ஒன்றை 1954இல் மருத்துவர்கள் விவரித்தார்கள். சில அமினோ அமிலங்களைச் சிதைக்க இயலாத குழந்தைகளுக்கு வரும் கொடிய நோய் அது. பிரசவ நேரத்தில் தாய் குடித்த வெந்தய நீரால் பிள்ளை மணந்து, மருத்துவர்கள் அந்த நோயோ என்று பதறியதும் உண்டு.

முன்னோடிகளுக்கு வருவோம். சித்த மருத்துவம் நீர்க்குறி எனும் சிறுநீர்ச் சோதனையில் நிறம், எடை, நாற்றம், நுரை, எஞ்சல் என ஐந்தைப் பார்க்கச் சொல்கிறது. அதோடு விடவில்லை, காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் விரிந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம் என்றும் சொன்னது. வெட்கப்பட்டவர்கள் செய்த வேலை அல்ல இது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளினும் எம் இனமே. சில அஸ்பாரகஸ் தண்டுகள் சிறுநீரை நாறடிப்பதை 1781 வாக்கில் ஒரு கேலிக் கடிதத்தில் எழுதி வைத்தார். அஸ்பாரகஸிலுள்ள கந்தகச் சேர்மங்கள்தான் குற்றவாளிகள்.

இங்கேதான் சிக்கல். 2016இல் 6,909 அமெரிக்கர்களிடம் கேட்டபோது, பத்தில் ஆறு பேர் அஸ்பாரகஸ் உண்டபின் அப்படி ஒரு வாசனையே தெரியவில்லை என்றார்கள். வாசனையை உணரும் மரபணுவில் வேறுபாடாம். ஆக, 'எனக்கு வராது' என்பவருக்குச் சிறுநீரில் மணம் இல்லையா, மூக்கில் குறையா? இதை அறிய இன்னொருவர் மூக்கு வேண்டும். சர்க்கரை நோய் முற்றினால் வரும் பழவாசனையையும் சில மூக்குகள் தவறவிடும். யாம் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனவே சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்காக மைத்துனனை அழைத்தோம். இருவரும் ஒரே களியைச் சாப்பிட்டோம். மறுநாள் காலை விஷயத்தைப் பணிவாக விளக்கினோம்.

"அத்தான், இந்தப் பேச்சு அக்காவுக்குத் தெரியுமா?" என்றான்.

தெரியாது. இப்போது தெரியும். அவன் எங்கள் வீட்டில் வெந்தயக் குழம்பைக்கூடத் தொடுவதில்லை.