தொட்டுப் பாருங்க

செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்துவிடுவார். குசலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தால், நீங்கள் அந்த வீட்டுக்குப் புதிது. பிடித்த கையை அப்படியே கொண்டுபோய் ரேழிச் சுவரில் வைத்து, "தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டபின் "சில்லுன்னு இருக்கு" என்று சொல்ல வேண்டும். "நல்லா இருக்கு" என்றால் போதாது, கையை விடமாட்டார்.

பூட்டிக் கிடந்த பாட்டன் வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பியவர்கள் இப்போது ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். முப்பது வருஷம் சென்னை அடுக்குமாடியில் குடியிருந்து, ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிட்டவர்கள். ஓய்வு பெற்ற மறுமாதம் நாலு வீடியோ பார்த்துவிட்டு, சுண்ணாம்பைக் கண்டுபிடித்தவர்களாகவே வந்து இறங்குவார்கள்.

கியாஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் சுவரைத் தொட்டாயிற்று. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் தொட்டாயிற்று. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதியைத் தாம்பாளத்தைத் திண்ணையில் வைக்கச் சொல்லி, ஜோடியாகத் தொடவைத்தார். சித்திரை வெயிலில் இதில் ஒரு நியாயம் உண்டு. மார்கழி விடியற்காலையிலும் "சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த நேரத்தில் எதிர்வீட்டு இரும்பு கேட்டும்தான் சில்லென்று இருக்கும். பதினான்கு மாதத்தில் ஊரே தொட்டுத் தொட்டு, வெள்ளைவெளேரென்ற அந்தச் சுவரில் நாலடி உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பிசுக்கேறிக் கிடக்கிறது. போகிற போக்கில் யாராவது அங்கே விளக்கேற்றிக் கும்பிட ஆரம்பிக்கலாம்.

தொட்டு முடித்தால் பிரசங்கம். கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு நாள்கணக்கில் ஊறப்போட்டு, அந்தப் புளித்த தண்ணீரை விட்டுத்தான் சுண்ணாம்புச் சாந்து குழைக்க வேண்டும் என்பார். ஊறப்போட்ட பானைகள் கூடத்தில் வரிசையாக நின்றபோது தெருவெல்லாம் ஒரு வாடை. உள்ளே ஊறல் போட்டிருக்கிறார்களோ என்று இரண்டு பேர் ஆவலோடு எட்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள். அவர்களையும் விடவில்லை, சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அவர் சொல்வது பொய்யில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பழைய காரைச் சுவர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பிறகு தானாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு அப்பளம் அப்பளமாகப் பெயரும். அந்தக் கூடத்தில் அதுதான் நடந்திருந்தது. இவர்தான் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒன்றரை அடிச் சுவரை ஆறு மாதம் சும்மா காயவிட்டுப் பூசினார். இந்த ஐப்பசி மழைக்குச் சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

ஆனால் சிமெண்ட் என்ற வார்த்தை காதில் விழக்கூடாது. "அந்தப் பொடி" என்பார். வெள்ளைக்காரன் கொண்டுவந்து நம் தலையில் கட்டியதாம். 1904-லேயே சென்னையில் கிளிஞ்சலை வைத்துப் போர்ட்லேண்ட் சிமெண்ட் தயாரித்துப் பார்த்தது நம் ஊர்க் கம்பெனிதான் என்று அவருடைய தம்பி சொன்னான். (இந்த மாதிரி ஆட்களுக்குத் தம்பி ஒருத்தன் கட்டாயம் இருப்பான், செலவில் பாதியை அனுப்புகிறவன்.) காதில் வாங்கவில்லை. பெருமையாகக் கூடத்தில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லே, கண்ணாடித் தகட்டின்மேல் சாயக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு வார்க்கிற சிமெண்ட் கல்தான் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அன்று முழுக்கப் பேச்சில்லை. மறுநாள் காப்பி ஆற்றும்போது, "அது வேற" என்றார். அவ்வளவுதான் பதில்.

இனி பின்கட்டு. எண்பதுகளில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இழுத்துக் கட்டியது. அடுப்படி, குளியலறை, கக்கூஸ் எல்லாம் அதில்தான் இருந்தன. அசிங்கம் என்று அதைத்தான் முதல் நாளே இடித்தார். முதலில் மெட்ராஸ் டெரஸ் போடுவதாகத் திட்டம். மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் நெட்டுக்குத்தாக அடுக்கி, ஜல்லிச் சுண்ணாம்பு கொட்டி அடித்து இறுக்குகிற தளம். அதற்குத் தோதான செங்கலைத் தேடியே நாலு மாதம் போனது. பிறகு கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பற்றி யாரோ சொல்ல, செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் பொந்து விடும் எலிப்பொறிக் கட்டு என்றார். கால்வாசிச் செங்கல் மிச்சமாம். எல்லாச் செங்கல்லும் மிச்சமாகத்தான் இருக்கிறது, கொல்லையில், பாசி பிடித்து. போன மாதம் மண் சுவர் என்று பேச்சு வந்ததும் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். எழும்பியிருப்பது நாலு வரிச் செங்கல். நடுவில் ஒரு பப்பாளி தானாக முளைத்துக் காய்த்தும்விட்டது.

அண்ணே, நான் ஊராரைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு 78 வயது. நேற்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டபோது கொல்லைக் கோடியில் இருக்கிற தகரக் கொட்டகைக்கு இரண்டு தடவை போய்வந்தாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச். சேற்றில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை, இருந்தாலும் தொட அவளுக்குக் கை ஒழியாது. சுண்ணாம்போ அந்தப் பொடியோ, கார்த்திகைக்குள் ஒரு கக்கூஸ் கட்டிவிடுங்கள். பணம் அனுப்பியிருக்கிறேன்.