மாமாவைக் கேளுங்கள்: போன்ஜோர்னோ, பிள்ளைச்சாவடி!

பிள்ளைச்சாவடி பட்டதாரி: பிரெஞ்சு எம்.ஏ. முடித்து, இத்தாலியனும் படித்துவிட்டேன். இனி வெளிநாட்டுக்காரர்களுக்கு இத்தாலியன் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கலாம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும் தம்பி. இத்தாலிக்காரர் ஒருவர் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த நாடு இது. 1680-ல் அங்கே பிறந்த வீரமாமுனிவர், இங்கே வரும் பாதிரிமார்களுக்காக லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சடித்தது யார் தெரியுமா? அவர் எழுதி எழுதித் தாளித்த லுத்தரன் சபைக்காரர்கள்! திட்டினாலும் புத்தகம் உருப்படியாக இருந்ததே, என்ன செய்வது?

திருபுவனை தமிழாசிரியை: அந்த வீரமாமுனிவருக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவர் யார்?

சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழியாக வரும் செய்தி. மாணவர் 3,615 பாட்டில் தேம்பாவணி பாடி அமரரானார். வாத்தியார் ஒரு மார்க் கேள்வியில் ஒண்டிக்கொண்டிருக்கிறார். தொழில் நிலவரம் இதுதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

பாகூர் தகப்பனார்: இத்தாலிக்காரனே இருக்கும்போது என் மகனிடம் வந்து எவன் படிப்பான்?

ஐயா, நீங்கள் அசல் பாகூர். 'வந்தான்', 'வந்திருக்கிறான்', இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு ஜெர்மன்காரருக்கு விளக்குங்கள் பார்ப்போம். வேர்த்துவிடும். இத்தாலியன் உங்கள் மகன் தடுக்கித் தடுக்கி நடந்த தெரு. எங்கே பள்ளம் என்று அவனுக்கு மனப்பாடம். 'தாய்மொழிக்காரர் மட்டும்' என்று விளம்பரம் போடுகிறவர்கள் உண்டுதான். அது வியாபாரம்.

ஆரோவில் சாலை சைக்கிள்காரர்: இத்தாலியில் பிறந்தவர்களுக்கு இத்தாலியன் தானாக வந்துவிடுமா?

1861-ல் நாடு ஒன்றானபோது இத்தாலியன் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று கணக்குப் போட்டார் மொழியியல் அறிஞர் துல்லியோ டி மௌரோ. மற்றவர்களுக்கு அவரவர் வட்டாரப் பேச்சு. கவிஞர் தாந்தே பிறந்த பிளாரன்ஸ் ஊர்த் தமிழ் (தமிழ் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன்) தேசத்துக்கே பொதுவானது. 1960-லும்கூட, ஆல்பெர்த்தோ மன்சி என்ற வாத்தியார் அரசுத் தொலைக்காட்சியில் படம் போட்டுப் போட்டுப் பெரியவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆக, இத்தாலியனுக்கு முதல் 'வெளிநாட்டு' மாணவர்கள் இத்தாலிக்காரர்களே!

காலாப்பட்டு மாணவி: என்னென்ன சான்றிதழ் வேண்டும் மாமா?

மொழி தெரியும் என்பதற்கு ஒன்று: பெருஜியாவின் 'செலி' அல்லது சியெனாவின் 'சில்ஸ்'. சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்பதற்கு இன்னொன்று: சியெனாவின் 'டிடால்ஸ்' அல்லது வெனிஸின் 'செடில்ஸ்'. ஏ1 முதல் சி2 வரை படிகள் ஆறு. பி1-ல் நின்றுகொண்டு பி1-க்குப் பாடம் எடுத்தால் அதற்குப் பெயர் டியூஷன் இல்லை கண்ணு, குரூப் ஸ்டடி.

வில்லியனூர் இல்லத்தரசி: நம்மவர்களுக்கு இத்தாலியன் கஷ்டமா?

எழுதியதை எழுதியபடி வாசிக்கலாம். சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடியும். இரட்டை மெய்யை அழுத்திச் சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம். ஆங்கிலேயர் அதை விழுங்கிவிட்டு, வயதைச் சொல்லப்போய் அசிங்கத்தைச் சொல்வார்கள். நமக்கு வம்பு வேறு இடத்தில். அங்கே மேசை ஆண்பால். அதே மேசையில் இலை போட்டுவிட்டால் பெண்பால். உங்களுக்கு இது சட்டென்று புரியும், உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் புரியாது.

அரியாங்குப்பம் வாசகர்: பிரெஞ்சு ஊரில் இத்தாலியன் விலைபோகுமா?

புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லேயே வந்தாச்சு. பிரெஞ்சு வாத்தியார்களின் நீள வரிசையில் வாலில் நிற்பதைவிட, ஆளே இல்லாத வரிசையில் முதல் ஆளாக நிற்கலாம். கவுன்டர் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி பட்டதாரி: வருமானம்?

மணிக்கணக்குக் கூலி. ஆகஸ்டில் ஐரோப்பா லீவு, உங்களுக்கும்தான், சம்பளமில்லாமல். ஆன்லைன் என்றால், அங்கே மாலை ஏழு மணி வகுப்பு குளிர்காலத்தில் உங்களுக்கு இரவு பதினொன்றரை. ஒரு கையில் கொசு பேட், மறுகையில் வினைச்சொல் அட்டவணை. மைக்கில் தெருநாய் குரைத்தால் பதறாதீர்கள்; நாய்க்கு இத்தாலியனில் என்ன பெயர் என்று கேட்டுப் பாடத்தை ஓட்டுங்கள்.

தவளக்குப்பம் இளைஞர்: ஸ்மார்ட் போர்டு, ஏசி அறை இல்லாமல் வெள்ளைக்காரருக்கு வகுப்பு எடுக்க முடியுமா?

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். பிள்ளைச்சாவடியில் கடல் அரித்தது போக இன்னும் கொஞ்சம் மணல் இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பியுங்கள்.